ராக்காவல் பணமும் சொத்து வரியும்

சென்ற மாதம் நமது தெருவில் ஓர் எண்ணெய் மண்டியின் ஷட்டரை நெம்பி, கல்லாப் பணத்தையும் பதினாறு டின் நல்லெண்ணெயையும் கொண்டுபோய்விட்டார்கள். அதையொட்டிக் கூடிய கூட்டத்தில், ராக்காவலுக்குக் கடைக்கு மாதம் நூறு ரூபாய் வாங்குவதை இருநூறாக்கலாம் என்று பேச்சு வந்தது. இளம் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "சொத்து வரி கட்டுகிறோம், தொழில் வரி கட்டுகிறோம், லைசென்சுக்கும் கட்டுகிறோம். இதில் போலீசுக்கு ஒன்றும் போகவில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று பதில் சொல்ல நேரமில்லாததால் இங்கே எழுதுகிறோம்.

போகவில்லை. அவை மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் உரியவை. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என்று செலவாகின்றன. காவல்துறையும் சிறையும் அரசியல் சட்டப்படி மாநில அரசின் பொறுப்பு. அந்தச் சம்பளமெல்லாம் மாநிலக் கஜானாவிலிருந்து, அதாவது ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பெட்ரோல் மீதான வரி, பத்திரப் பதிவு போன்றவற்றிலிருந்து வருகிறது. ஆகவே போலீசுக்கு நாம் கொடுக்காமல் இல்லை. ஆனால் நம் தெருவுக்கென்று கொடுப்பதில்லை.

முன்பு அப்படிக் கொடுத்தார்கள். சென்னையில் 17-ஆம் நூற்றாண்டில் ஊர்க்காவல் 'பெத்த நாயக்கன்' என்ற அதிகாரியிடம் இருந்தது. இன்றைய பெத்துநாயக்கன்பேட்டை அந்தப் பெயரில் வந்ததுதான். அவருக்குக் கீழே தலையாரிகள். கூலியாக வரியில்லாத நெல் வயல்கள் உண்டு. அத்துடன் ஊருக்குள் வரும் அரிசி, மீன், எண்ணெய், பாக்கு முதலிய சரக்குகள் மேல் ஒரு சிறு தீர்வையும் உண்டு. நாம் மூட்டைக்கு இத்தனை பைசா என்று மகமை எடுப்பதைப் போன்றதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு ஷரத்து. ஊரில் யாருடைய பொருளாவது களவு போனால், பெத்த நாயக்கன் அதை ஈடு செய்ய வேண்டும். சரக்கின் மேல் காசு வாங்கியவர் சரக்குக்குப் பொறுப்பு! வியாபாரிகளான நமக்கு இந்தக் கணக்கு விளக்கம் இல்லாமலே புரியும். ஊர் பெருகப் பெருக ஒரு குடும்பத்தால் இதைத் தாங்க முடியவில்லை. 1806-இல் அந்தப் பதவியே எடுக்கப்பட்டது.

அதற்கு முன்பே, 1793-இல், பிரிட்டிஷ் பாராளுமன்றச் சட்டம் ஒன்று வந்தது. சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் தெருவைக் கூட்டவும், செப்பனிடவும், காவல் காக்கவும் வீடுகள் மேல் வரி விதிக்கலாம் என்றது. சாதாரணமாக ஆண்டு வாடகை மதிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மிகாமல். ஆக, இன்று நாம் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியின் பூர்வீகத்தில் காவலும் இருந்தது. பிறகு காவல் அரசாங்கத்துக்குப் போயிற்று, வரி மட்டும் நகரசபையில் தங்கிவிட்டது. (வால்டாக்ஸ் ரோடு வேறு கதை. அது நகர மதில் செலவுக்காக நினைத்த வரி.) களவு போனதற்கு ஈடு தரும் பொறுப்பை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பொறுப்பு இன்று இன்சூரன்சுக்குப் போயிருக்கிறது. நமது அங்கத்தினர்களில் பலர் கடைக்குத் தீ பாலிசி எடுத்தவர்கள், களவுக்கு எடுக்காதவர்கள். எண்ணெய் மண்டிக்காரரும் அப்படித்தான். அவருக்கு ஒரு டின்னுக்கும் ஈடு கிடைக்காது. களவுப் பாலிசி இருந்தாலும் எப்.ஐ.ஆர். நகலும் ஸ்டாக் புத்தகமும் கேட்பார்கள். புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

ராக்காவல் பணத்துக்கு வருவோம். இப்போது வாங்கும் நூறு ரூபாய்க்கு ரசீது இல்லை. காவலர் எத்தனை மணிக்கு வருகிறார், எந்தச் சந்து வரை போகிறார் என்று எழுதிவைத்ததும் இல்லை. ஏஜென்சி மூலம் ஆள் வைப்பதானால், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். அதையும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கும், காவல் நேரமும், தெரு முழுவதற்கும் சேர்த்துக் களவுப் பாலிசி எடுத்தால் பிரீமியம் எவ்வளவு என்ற விவரமும் வைக்கப்பட வேண்டும். அதுவரை இருநூறு ரூபாய்க்கு நாம் கை தூக்கப் போவதில்லை.