"வயசாச்சு, போயிட்டாரு" என்பது ஒரு காரணமா?

இந்த மலரில் கவிதைக்குப் பஞ்சம் இருக்காது என்று தெரியும். அதனால் நான் வேறு விஷயம் எழுத உட்கார்ந்தேன். வயதான ஆண்கள் எதனால் இறக்கிறார்கள்? "இதென்னடா கேள்வி, வயசாச்சு, போறாங்க" என்பீர்கள். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு லேத் நின்று போனால், பதிவேட்டில் "பழைய மிஷின்" என்று எழுதி மூடினால் இன்ஸ்ட்ரக்டர் விடுவாரா? பேரிங் தேய்ந்ததா, பெல்ட் அறுந்ததா, ஆயில் போடாமல் விட்டார்களா என்று எழுதியே ஆகணும். காரணம் தெரிந்தால்தானே அடுத்த லேத்தைக் காப்பாற்றலாம். மனுஷன் விஷயத்தில் மட்டும் "பழைய மிஷின்" என்பது போதும் என்று இருக்கிறோம்.

எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். அதனால் எங்கள் தெருவில் பெரியவர் யாராவது இறந்தால் பதிவு செய்வதற்கு விவரம் எழுத என்னைக் கூப்பிடுவார்கள். பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் சட்டென்று வரும். இறப்புக்குக் காரணம் என்ன என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு மாமா "வயசுன்னு போடு தம்பி" என்பார். அதே ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்தால், "ஆறு மாசமா இருமல், சாயங்காலமானா காய்ச்சல், எலும்புந்தோலுமா ஆயிட்டாரு" என்று ஒன்றுவிடாமல் சொல்வார்கள். விவரம் அத்தனையும் அவர்களிடம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அப்படிக் கேட்டவர்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. கஜலட்சுமியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1990களின் பிற்பகுதியில் சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இந்த வேலையைச் செய்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் இறந்தவர்களின் வீட்டுக்கே போய், கடைசி நாட்களில் என்னென்ன தொந்தரவு இருந்தது, எத்தனை நாள் இருந்தது, பீடி சிகரெட் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதைப் படித்து டாக்டர்கள் காரணத்தை முடிவு செய்தார்கள். இதற்கு வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று பெயர். கத்தியே வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்!

2003-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. இறந்து போன ஆண்கள் சுமார் 43,000 பேர், ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடிருந்த ஆண்கள் 35,000 பேர். நுரையீரல் புற்றுநோய்தான் முதலில் நிற்கும் என்று நானும் நினைத்துத்தான் படித்தேன். ஆனால் பெரிதாகத் தெரிந்தது காசநோய். புகைக்காதவர்களைப் போல் சுமார் 4 மடங்கு புகைப்பவர்கள் காசநோயில் இறந்திருக்கிறார்கள். நம் நாட்டில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சாவுக்குப் புகையே காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மாரடைப்பு போன்ற நோய்களிலும் புகைப்பவர்களுக்குத்தான் சாவு அதிகம்.

கிருமியால் வரும் நோய்க்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம்? காசநோய்க் கிருமி நம் ஊரில் பல பேர் உடம்பில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மூச்சுக்குழாயின் உள்பக்கம் மெல்லிய மயிரிழைகள் துடைப்பம் மாதிரி அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளும். அதற்கும் கீழே, நுரையீரலுக்குள் கிருமியைப் பிடித்து விழுங்குகிற காவல் செல்கள் இருக்கின்றன. வருஷக்கணக்கில் புகை போனால் துடைப்பம் கருகிவிடும், காவலும் தளர்ந்துவிடும். அப்போதுதான் தூங்கின கிருமி எழுந்துகொள்ளும். இருமல் வந்தாலோ, "இது பீடி இருமல், நாப்பது வருஷப் பழக்கம்" என்று அவரே சொல்லிவிடுவார். இதுதான் ரொம்பக் கொடுமை. நோய்க்கு வழி விட்ட பீடியே நோயை மறைக்கவும் செய்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் அரசு மருத்துவமனையில் சளி கொடுத்துப் பார்க்கலாம், காசு கிடையாது. காசநோய் என்றால் மருந்தும் இலவசம், பெரும்பாலும் ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

நெஞ்சு வலியை "வாயு" என்று சோடா குடிப்பதும் இதே ஜாதிதான். ரத்த அழுத்தம் அதைவிட மோசம், ஏறும்போது சத்தமே போடாது. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் பாட்டிகள் கையை நீட்டுவார்கள், தாத்தாக்கள் டீக்கடையில் இருப்பார்கள்.

"இத்தனை வயசுக்கு மேல விட்டு என்னடா ஆகப்போகுது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்பவர் 1951-ல் ஆரம்பித்து 34,000-க்கும் அதிகமான ஆண் டாக்டர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். சென்னை ஆய்வில் பங்கெடுத்த ரிச்சர்ட் பீட்டோ இதிலும் கூட இருந்தவர். 2004-ல் வந்த முடிவுப்படி, சிகரெட்டை விடாதவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னாலேயே இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து வருஷமும் திரும்பக் கிடைத்தது போல. 40-ல் விட்டால் 9, 50-ல் 6, 60-ல் விட்டால்கூட 3 வருஷம். (காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் நிற்கும் நண்பர்கள் கவனிக்க!)

இதை எங்கள் தெருவில் ஒரு தாத்தாவிடம் சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "மூணு வருஷமா? அதுக்குள்ள எம் பேத்தி டிப்ளமா முடிச்சிருமே" என்றார். பீடிக்கட்டு இன்னும் மடியில்தான் இருக்கிறது. சளிப் பரிசோதனைக்கு மட்டும் வியாழக்கிழமை கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.