வீதியில் வந்த வித்துவான்



நாம் விரும்பும் ஓர் இசைக் கலைஞரை மேடையிலே காண்பது ஒன்று. அவரையே மீன் சந்தையிலோ, பஸ் தரிப்பிடத்திலோ, தபாற் கந்தோரிலோ காண்பது இன்னொன்று. மேடையில் கண்டால் என்ன செய்வதென்று நமக்குத் தெரியும்; கைதட்டுவோம். சந்தையில் கண்டால் தடுமாறிப் போகிறோம். சிலர் விழுந்தடித்து ஓடிச் சென்று கையொப்பம் கேட்கிறார்கள். சிலர் கூச்சத்தினால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மூன்றாவது வகையினரும் உண்டு. அவர் இன்னார் என்று அறியாமலே அவரைத் தாண்டிப் போய்விடுபவர்கள். நம்மில் பெரும்பாலானோர் இந்த மூன்றாவது வகைதான்.

அவர்களைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறேன். நானும் அவர்களில் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில் நடந்த ஒரு பரிசோதனையை உங்களிற் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 2007ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர், நிலத்தடிப் புகையிரத நிலையமொன்றின் வாயிலருகே ஓர் இளைஞர் வந்து நின்றார். ஜீன்ஸ் காற்சட்டை, தலையிலே ஒரு தொப்பி. வயலினை வெளியே எடுத்தார். காசு போடுவதற்கு வசதியாக, பெட்டியைத் திறந்தபடி காலடியில் வைத்தார். வாசிக்கத் தொடங்கினார்.

அவர் பெயர் ஜோஷுவா பெல். உலகின் முன்னணி வயலின் கலைஞர்களுள் ஒருவர். மூன்று நாள்களுக்கு முன்னர்தான் பொஸ்டன் நகரத்தில் நிரம்பி வழிந்த மண்டபத்தில் வாசித்திருந்தார். அங்கே ஓரளவு நல்ல ஆசனத்துக்கே கட்டணம் 100 டொலர். அன்று காலை அவர் கையில் இருந்த வயலின், இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1713இல் செய்தது. அவர் எடுத்துக்கொண்ட முதல் உருப்படி, தனி வயலினுக்கென எழுதப்பட்டவற்றுள் மிகக் கடினமானவற்றில் ஒன்றென மதிக்கப்படும் பாஃக்கின் 'சகோன்'.

43 நிமிடங்கள் வாசித்தார். அந்த நேரத்தில் அவரைத் தாண்டிச் சென்றோர் 1,097 பேர். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் 7 பேர். காசு போட்டவர்கள் 27 பேர். அவர்களிலும் அநேகர் நடந்த நடையிலேயே போட்டுவிட்டுச் சென்றவர்கள். பெட்டியில் சேர்ந்த தொகை 32 டொலரும் 17 சதமும். அவரை இன்னாரென அடையாளங் கண்டவர் ஒரேயொரு பெண்மணி. மூன்று வாரங்களுக்கு முன்னர் ஓர் இலவச நிகழ்ச்சியில் அவரைக் கேட்டிருந்தாராம். அவர் போட்ட 20 டொலர் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இப்பரிசோதனையை ஏற்பாடு செய்தது 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை. இதைக் கட்டுரையாக்கிய ஜீன் வைன்கார்ட்டனுக்கு 2008இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையைக் கேட்டதும், அந்த நகரத்து மக்கள் ரசனை கெட்டவர்கள் என்று தீர்ப்புச் சொல்வது எளிது. அது நீதியன்று, நேயர்களே. காலையில் கந்தோருக்கு ஓடுகின்ற மனிதனுக்கு நேரம் என்பது தலைக்குமேல் தொங்கும் கத்தி. ஐந்து நிமிடம் பிந்தினால் அவன் யாருக்கோ பதில் சொல்ல வேண்டும். காதிலே விழுவதெல்லாம் அவனுக்கு இரைச்சல்தான்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேடை, திரைச்சீலை, நுழைவுச்சீட்டு, விளக்கு அணைதல், இவையெல்லாம் வெறும் அலங்காரங்கள் அல்ல. "இனிப் பேசாதே, கேள்" என்று நம் காதுக்கு இடப்படும் கட்டளைகள். அந்தக் கட்டளைகளுக்குப் பழகிப்போன காது, அவை இல்லாத இடத்திலே தானாகத் திறந்துகொள்வதில்லை. ஓர் உருப்படி முடிந்ததும் கைதட்டல் வரும் என்பது மேடையின் வழக்கம். புகையிரத நிலையத்தில் முடிந்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. அந்த மௌனந்தான் மிகவும் சங்கடமாக இருந்ததென்று பெல் பின்னர் சொல்லியிருக்கிறார்.

ஒரு கூட்டத்தார் மாத்திரம் இதற்கு விதிவிலக்காக இருந்தனர். சிறுபிள்ளைகள். அவ்வழியாக வந்த ஒவ்வொரு பிள்ளையும் நின்று பார்க்க முயன்றது. ஒவ்வொரு முறையும் பெற்றோர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைக்கு மேடையும் தெரியாது, நேரமும் தெரியாது. ஓசை இருந்தது, நின்றது. அவ்வளவுதான்.

2014 செப்ரெம்பரில் பெல் மீண்டும் அதே நகரத்தின் பெரிய புகையிரத நிலையத்தில் வாசித்தார். இம்முறை முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தது. கூட்டம் முண்டியடித்தது. கைகள் அதே கைகள். நகரமும் அதே நகரம். அறிவித்தல் ஒன்றுதான் புதிது.

அந்த வயலினுக்கும் ஒரு கதை உண்டு. 1936இல் அது நியூயோர்க் கார்னெகி மண்டபத்தில், ஹூபர்மான் என்னும் புகழ்பெற்ற கலைஞரின் அறையிலிருந்து களவு போயிற்று. அவர் தம்மிடமிருந்த இன்னொரு வயலினை மேடையில் வாசித்துக்கொண்டிருந்த வேளை அது. களவு போன வயலின், உணவுச்சாலைகளிலே வாசித்துப் பிழைத்துவந்த ஒருவர் கைக்குச் சேர்ந்தது. அவர் அதன்மேல் சப்பாத்து மையைப் பூசி நிறத்தை மறைத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாசித்தார். 1985இல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அந்த வயலினின் நாதத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு எழுந்துபோனவர்கள் எத்தனை பேர்! 2001இல் அதை வாங்கிய பெல், ஆறு வருடங்களின் பின் அதை மீண்டும் யாரும் கவனியாத ஓரிடத்துக்கே கொண்டுபோனார் என்பது விந்தைதான்.

நேயர்களே, இது ஒரு பக்கம். மறுபக்கத்தைக் காண நாம் காசிக்குப் போக வேண்டும்.

ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான் 1916இல் பீகாரிலே பிறந்தவர். சிறுவயதிலேயே காசிக்கு வந்து, விஸ்வநாதர் ஆலயத்தில் ஷெனாய் வாசித்துவந்த தம் தாய்மாமன் அலி பக்ஷிடம் பயின்றார். நமக்கு நாதஸ்வரம் எப்படியோ வட இந்தியருக்கு ஷெனாய் அப்படி. மங்கல வாத்தியம். கலியாண வீட்டு வாசலில் ஒலித்த அதனைக் கச்சேரி மேடையின் நடுவிலே கொண்டுவந்து இருத்தியவர் அவர். 1947இல் இந்தியா சுதந்திரம் பெற்ற வேளையில் தில்லிச் செங்கோட்டையில் ஒலித்தது அவருடைய ஷெனாய். 2001இல் பாரத ரத்னா விருதும் கிடைத்தது.

இவ்வளவு பெற்றும், 2006இல் கண்மூடும் வரை அவர் வாழ்ந்தது காசியின் குறுகிய சந்தொன்றிலிருந்த பழைய வீட்டில்தான். சைக்கிள் ரிக்ஷோவில் போய்வந்தார். கங்கைக் கரையோரம் இருந்த பாலாஜி கோயிலில் பல்லாண்டு சாதகம் செய்தார். முஹர்ரம் எட்டாம் நாளில், இமாம் ஹுஸைனின் நினைவாகத் துயர கீதங்களை ஷெனாயில் இசைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, வீதி வழியே கால்நடையாகச் செல்வது அவரது வழக்கம். அந்த நாளில் ராகம் வாசிப்பதில்லை. மேடை இல்லை, சீட்டு இல்லை. வீதியோரத்தில் நின்ற தேநீர்க்கடைக்காரரும் ரிக்ஷோக்காரரும் உலக மேதையொருவரைக் கையெட்டும் தூரத்தில் கேட்டனர்.

வொஷிங்டனுக்கும் காசிக்கும் என்ன வேறுபாடு? மக்களின் அறிவா? இல்லை. காசியிலே கலைஞன் அந்தத் தெருவுக்கு உரியவனாக இருந்தான். அவன் வாசிக்கும் நாள் எது, இடம் எது, ஏன் வாசிக்கிறான் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்திருந்தது. தெருவே மேடையாக இருந்தது.

நம்முடைய மண்ணிலும் அப்படித்தானே? கோயிலைச் சுற்றிவரும் பாதையை நாம் 'வீதி' என்கிறோம். உள்வீதி, வெளிவீதி. நமது பெரிய வித்துவான்கள் சுவாமிக்கு முன்னால் அந்த வீதியிலே நடந்தபடிதான் வாசித்தார்கள். 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைத் தமிழகத்தின் தலைசிறந்த நாதஸ்வர வித்துவான்கள் விரும்பி அழைத்தார்கள். இயக்குநர் அம்ஷன் குமார் 2015இல் அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். அத்தகையவரின் வாசிப்பை நம்மவர்கள் கோயில் மணலில் சால்வையை விரித்து, கச்சான் கொறித்தபடி, ஒரு சதமும் செலவின்றிக் கேட்டார்கள்.

வானொலியும் அவ்வாறே. ஈழத்து மெல்லிசைக்கு உழைத்த எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோரின் குரல் நம் குசினிக்குள்ளும் வாசிகசாலைக்குள்ளும் வந்தது. நம் நாட்டுப் பாடகர்களிலும் வாத்தியக்காரர்களிலும் பலர் பகலிலே ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்து, மாலையில் ஒலிப்பதிவுக்கு ஓடியவர்கள். நேற்றிரவு வானொலியில் உங்களை உருக வைத்த குரலுக்கு உரியவரே இன்று காலை கந்தோர் யன்னலுக்கு அப்பால் இருந்து உங்கள் படிவத்துக்கு முத்திரை குத்தியிருக்கலாம். குரலை அறிந்தோம், முகத்தை அறியோம்.

இனி என் கதை. நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. ஒரு நாள் பின்னேரம் என் மாமியின் ஊர்த் திருவிழாவுக்கு பஸ்ஸிலே போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு முதியவர். முழங்கால்களுக்கு நடுவே நீண்ட துணிப்பையொன்றை நிறுத்திப் பிடித்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது என் காலில் இடித்தது.

"ஐயா, உதைக் கொஞ்சம் அங்காலை வையுங்கோ" என்றேன். சற்று எரிச்சலோடுதான்.

"குறை நினையாதையுங்கோ தம்பி" என்று சொல்லிப் பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். அவருடைய விரல்கள் துணியின்மேல் அசைந்துகொண்டே இருந்தன. வயதுக்கு வரும் கைநடுக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

இரவு, தெற்கு வீதியில் மேளச் சமா. நடுவிலே நின்று தோடியை ஊதியவர் அவரேதான். அந்த விரல்களைக் கண்டதும் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவருடைய வாசிப்பை வானொலியில் எத்தனையோ தடவை கேட்டவன் நான்.

மறுநாட் காலை தேநீர்க்கடையில் மறுபடியும் கண்டேன். கிட்டப் போய், பஸ்ஸில் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அவர் கேட்டது வேறு.

"கடைசி மட்டும் நிண்டனீரோ தம்பி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை ஐயா, தோடி முடிய வந்திட்டன்" என்றேன்.

"எல்லாரும் தோடியோடை போட்டினம். பிறகு நீலாம்பரி வாசிச்சனான். நாலு பேர் இருந்தவை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவரை அடையாளங் காணாமல் இருந்தது என் குற்றமென்று இரவு முழுவதும் வெட்கப்பட்டேன். அடையாளங் கண்ட பிறகும் முழுமையாகக் கேட்காமல் வந்ததுதான் அவருக்கு நான் வைத்த குறை என்பது அன்று காலையில்தான் விளங்கியது.

இக்காலத்தில் விரும்பிய கலைஞரை வழியிலே கண்டால் உடனே கைத்தொலைபேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். படம், நாம் அவரைக் கண்டோம் என்பதற்குச் சாட்சி. கேட்டோம் என்பதற்கு அல்ல. அவரும் மீன் வாங்க வந்தவர்தான். அவரைப் பாடச் சொல்லி வருத்த வேண்டாம். "இன்ன இடத்தில், இன்ன உருப்படியைக் கேட்டேன், ஐயா" என்று ஒரு வசனம் சொல்லி வழிவிட்டாலே போதும். அதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஆண்டுத் திருவிழாவிலும் நம் வீதிகளில் யாரோ ஒருவர் கடைசியாக நீலாம்பரி வாசிக்கத்தான் போகிறார். அவர் முன்னால் நாலு பேருக்குப் பதிலாக ஐந்து பேர் இருந்தால், அந்த ஐந்தாமவர் நீங்களாக இருங்கள்.