கரையோர ஊர்களில் போதைப்பொருள்: ஆபத்து, சட்டம், மீளும் வழி

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் போதைப்பொருள் பற்றிய கவலை இன்று ஹெரோயின், ஐஸ் ஆகிய இரண்டையே பெரிதும் பற்றியதாக உள்ளது. அபினியிலுள்ள மோர்பினை இரசாயன மாற்றத்துக்கு உட்படுத்திப் பெறப்படும் ஹெரோயின் சுவாசத்தை மந்தப்படுத்துவது. மெதம்பெற்றமின் எனப்படும் ஐஸ், அதற்கு நேர்மாறாக, நரம்பு மண்டலத்தை அளவுமீறித் தூண்டி, உறக்கமின்மை, காரணமற்ற சந்தேகம், மனப்பிறழ்வு, இதயப் பாதிப்பு ஆகியவற்றை விளைவிப்பது.

ஊரார் அறிந்தால் மானம் போகும் என அஞ்சும் குடும்பங்கள் பாதிக்கப்பட்டவரை வீட்டறையில் பூட்டிவைப்பது தீர்வாகாது. ஹெரோயினைத் திடீரென நிறுத்தும்போது உடல்வலி, வாந்தி, வயிற்றோட்டம் முதலிய விலகல் அறிகுறிகள் தோன்றுவதோடு, சில வாரங்கள் விலகியிருந்த உடல் தாங்குதிறனை இழந்துவிடுவதால், மீண்டும் பழைய அளவை எடுப்பவர் மூச்சடங்கி இறக்கவும் நேரிடலாம்.

இலங்கையில் இப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் அடிப்படைச் சட்டம், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டமாகும். 1984ஆம் ஆண்டின் திருத்தம் 2 கிராமும் அதற்கு மேற்பட்டதுமான ஹெரோயினுக்கும், 2022ஆம் ஆண்டின் திருத்தம் 5 கிராமும் அதற்கு மேற்பட்டதுமான ஐஸுக்கும் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்க இடமளித்தன. 1976இற்குப் பின் மரண தண்டனை நிறைவேற்றப்படாவிடினும், மேற்கூறிய அளவுகளைவிடக் குறைவாக வைத்திருப்பதும் குற்றமே என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

தண்டிக்கும் இச்சட்டத்துக்கு அருகிலேயே குணப்படுத்தும் சட்டமொன்றும் உள்ளது. போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெறவும், மருத்துவ அறிக்கையின் அடிப்படையில் நீதவான் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பவும் வழி வகுப்பதோடு, சிகிச்சை நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற்றே இயங்க வேண்டும் எனவும் விதிக்கிறது. எனவே, பிள்ளையை ஒரு நிலையத்தில் ஒப்படைக்குமுன் அதன் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் முதற்கடமையாகும். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் நாடலாம்.

கைது செய்யப்பட்டவருக்கும் உரிமைகள் உண்டு. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையை வழங்குகிறது. நீதவானின் கட்டளையின்றிப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரைத் தடுத்துவைத்தல் ஆகாது. பொலிஸ் நிலையத்திலோ புனர்வாழ்வு முகாமிலோ சித்திரவதை செய்வதை 11ஆம் உறுப்புரை முற்றாகத் தடுக்கிறது. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணை நடைபெறும் காலம் அக்கெடுவில் கணக்கிடப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இயங்குவதால், இதற்காகக் கொழும்புக்குச் செல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

விற்பனையாளரைக் கண்டிக்கும் பள்ளிவாசல் நிருவாகங்கள், அதே அறிவிப்பில் பாவனையாளரை நோயாளியாக அடையாளங்காட்டி, சிகிச்சைக்கான இவ்வழிகளையும் சேர்த்துச் சொல்லுமாயின், குடும்பங்கள் நோயை மறைக்கும் காலம் குறையும். நோய் முற்றுமுன் சிகிச்சை தொடங்குவதற்கான வாய்ப்பும் கூடும்.