ஓதம் வேறு, அலை வேறு

மைசூரு அக்ரஹாரத்திலிருந்து கடல் வெகு தூரம். அங்கே குடியிருக்கும் தமிழருக்கு "ஓதம்" என்றதும் மழைக்காலத்தில் சுவரில் ஏறும் ஈரம்தான் நினைவுக்கு வரும். நாட்டு வைத்தியர் அதையே விரைவீக்கம் என்று எடுத்துக்கொள்வார். ஆனால் பள்ளிப் புவியியல் புத்தகத்தில் அதே சொல்லுக்குப் பொருள், கடல்நீர் தவறாமல் ஏறி இறங்குவது.

சங்க இலக்கியத்திலேயே புழங்கிய சொல் இது. இதற்கு உறவுச் சொற்களுக்கும் பஞ்சமில்லை. கன்னடத்தில் உப்பர, இளித. மலையாளத்தில் வேலியேற்றம், வேலியிறக்கம். இலங்கைத் தமிழில் வற்றுப்பெருக்கு. தமிழகக் கரையோரப் பேச்சில் ஏத்தம், வத்தம். இத்தனை இருந்தும் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டுவது "உயர் அலை", "தாழ் அலை".

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கரையில் நாம் பார்க்கும் அலையை எழுப்புவது காற்று. சில விநாடிகளில் வந்து போய்விடும். ஓதத்தை எழுப்புவது நிலவும் சூரியனும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். குஜராத்தின் பாவ்நகரில் அது 10 மீட்டரைத் தாண்டும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் மிகும். ஆங்கிலத்தில் இதற்கு "ஸ்பிரிங் டைட்" என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழக்கூடிய இடம் இது. வசந்த காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துள்ளி எழுவது என்பதே பொருள்.

இதெல்லாம் பண்டிதர்களின் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் அளவெடுப்பது உயர் ஓதக் கோட்டிலிருந்துதான். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் நீர் மிக உயர்ந்து எட்டும் இடமே அந்தக் கோடு. 2019 விதிப்படி, ஊரகக் கரைகளில் மக்கள் அடர்த்தியைப் பொறுத்து அங்கிருந்து 50 அல்லது 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. இதை "உயர் அலைக் கோடு" என்று படிக்கும் மீனவர், புயல் நாளில் அலை வந்து மோதிய இடத்தை நினைத்துக்கொண்டால் வரைபடத்தோடு அவரால் வாதாட முடியாது. பிரச்சினை அவருடைய குடிசை எந்தப் பக்கம் விழுகிறது என்பது.

மீனவர் சொல்லுக்கு மதிப்புக் கிடைத்த உதாரணமும் உண்டு: கேரளக் கரையின் "கள்ளக்கடல்". தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்கள் கிளப்பும் பெருமலைப்பு, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கரையேறும். இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோ ஏற்றது. இது ஓதமல்ல, ஆனால் ஓதம் ஏறும் நேரத்தில் வந்தால் நீர் இன்னும் உள்ளே புகும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தனர். கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை.

எச்சரிக்கை பயன்பட வேண்டுமானால் சொல் புரிய வேண்டும். அலைக்கு அலை, ஓதத்துக்கு ஓதம். அதுவும் கடினமென்றால், கரையிலேயே இருக்கின்றன ஏத்தமும் வத்தமும்.