பால்வாளிக்குப் பின் – 6: கையில் இருக்கும் தொழில், காகிதத்தில் இல்லை

சரித்திரப் புத்தகங்களில் சிலிம் ரிவருக்கு இடம் வாங்கித் தந்தது ஒரே ஒரு விடியற்காலை. 1942 ஜனவரி 7ஆம் தேதி, துரோலாக்கில் தடுப்பை உடைத்த ஜப்பானிய டாங்கிகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடி, சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்தன. அந்த மரங்களில் பால் வெட்டியவர்களின் பிழைப்பைப் பின்னாளில் குலைக்க டாங்கி எதுவும் தேவைப்படவில்லை. மலாயா முழுக்க அந்த வேலையைக் கிரயப் பத்திரங்களே பார்த்துக்கொண்டன.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு மறுபடி விற்றார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசீஸ், 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து நூலாகவே எழுதினார். சில ஏக்கர் வாங்கிய புது முதலாளிக்குப் பிரட்டுக் களம் எதற்கு, லயம் எதற்கு, ஆயாக்கொட்டகை எதற்கு? வேலை போனபோது வீடும் கூடவே போனது. இன்றைக்கு ஆட்குறைப்புக் கடிதம் வாங்கியவரிடம் “வேறு துறைக்கு மாறிப் பாருங்கள்” என்கிறோம். அன்று அவர்களுக்கு முதலில் மாற வேண்டியிருந்தது ஊர்.

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த நெருக்கடியில்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள், சங்கம் தோட்டம் வாங்கியது. அருமையான ஏற்பாடு. ஆனால் பால்வெட்டுக்காரர் பால்வெட்டுக்காரராகவே நீடிப்பதற்கான ஏற்பாடு. வேறு வேலை தேடுகிறவருக்குத் தேடும் காலத்தில் சோறு போட ஒரு திட்டம் வர, இன்னும் 58 வருஷம் ஆனது.

அதுவரை இருந்தது 1980ஆம் ஆண்டு ஆட்குறைப்பு ஒழுங்குவிதிகள் சொன்ன நஷ்டஈடு மட்டும். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். மாதம் 1,700 ரிங்கிட் வாங்கி எட்டு வருஷம் உழைத்தவர் என்றால், கணக்குப் பார்த்தால் 9,000 ரிங்கிட்டைத் தொடாது. அதையும் கொடுக்கிற நிலையில் முதலாளி இருக்க வேண்டும்.

2018 ஜனவரியில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வழியாக வேலைக் காப்புறுதித் திட்டம் வந்தது. சம்பளத்தில் தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. தொடக்கத்தில் வகுத்த கணக்குப்படி, வேலை போனவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதமும் 40, கடைசி இரண்டு மாதம் 30. அதே துறையில் வேலை தேடுகிறவருக்கு இந்தப் படிக்கட்டில் இறங்குவது சிரமமில்லை. புதுத் தொழில் கற்றுக்கொண்டிருப்பவருக்குத்தான் இது செங்குத்து. படிப்பு பாதியில் இருக்கும்போது பணம் பாதியாகிவிடும். வீட்டு வாடகையும் பள்ளி பஸ் கட்டணமும் நெருக்க, கிடைத்த வேலையில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அதனால் ஏற்கெனவே கையில் இருப்பதை எண்ணிப் பார்ப்பது முக்கியம். சிலிம் ரிவரிலிருந்து தெற்கே தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் தொழிற்சாலை இருக்கிறது. 2004இல் சந்தைக்கு வந்த ஜென்-2 அங்கே உருவானதுதான். ஊரைச் சுற்றிலும் செம்பனைக் காடு. செம்பனை ஆலையில் பதினைந்து வருஷம் பம்பும் கொதிகலனும் பழுதுபார்த்தவருக்கும் கார் ஆலையின் பராமரிப்புப் பிரிவுக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. ஒரே ஒரு தடை, அவரிடம் எஸ்.பி.எம். சான்றிதழைத் தவிர வேறு காகிதம் இருக்காது. சிலரிடம் அதுவும் இருக்காது.

இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது, தெரிந்தவர்கள்தான் குறைவு. திறன் மேம்பாட்டுத் துறை தரும் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. ‘பிபிதி’ எனப்படும் முன் அனுபவ அங்கீகாரத்தின் வழி, இத்தனை காலம் செய்த வேலைக்கு ஆதாரம் தொகுத்துக் கொடுத்தால், தேசியத் தொழில்திறன் தரநிலையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவார்கள். தேறினால் சான்றிதழ்.

ஆதாரம் என்றால் சம்பளச் சீட்டு, வேலை உத்தரவுத் தாள், இயந்திரத்தைக் கழற்றி மாட்டும்போது எடுத்த படம், மேற்பார்வையாளரின் கடிதம் போன்றவை. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது இவற்றை வாங்க ஒரு தேநீர் நேரம் போதும். கேட்டில் பூட்டு விழுந்த பிறகு, மேற்பார்வையாளர் எந்த ஊருக்குப் போனார் என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.

(தொடரும்)