கெளுத்திக்கு ஒரு மூன்றடி வீடு

எங்கள் வீட்டுக்கு முதல் கெளுத்தி வேலைக்காரனாகத்தான் வந்தது. கோல்டு ஃபிஷ் வாங்கப் போன இடத்தில், "கூடவே ஒரு டேங்க் கிளீனர் போட்டுக்குங்க சார், கண்ணாடியில இருக்கிற பாசிய அதுவே நக்கிடும்" என்று கடைக்காரர் இரண்டு அங்குலக் கறுப்பு மீன் ஒன்றையும் பையில் சேர்த்துக் கட்டினார். இரண்டு வருடத்தில் அது முக்கால் அடி ஆனது. பாசி தின்பதை எப்போதோ விட்டுவிட்டது. ராத்திரியில் கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் வாயை ஒட்டிக்கொண்டு அதன் சளியைச் சுரண்டத் தொடங்கியது. தொட்டியைச் சுத்தம் செய்ய வந்ததன் கழிவை அள்ளுவதே என் ஞாயிற்றுக்கிழமை வேலையாகிப் போனது.

கடைகளில் 'சக்கர்' என்று விற்கும் அந்த மீன் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. ஒன்றரை அடி என்பது அதற்குச் சாதாரண வளர்த்தி. ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்: கடைகளில் விற்கும் எந்தக் கெளுத்தியும் மீன் கழிவைத் தின்று வாழாது. 'மிச்சம் மீதியைத் தின்று பிழைத்துக்கொள்ளும்' என்று நம்பி வாங்கிவந்த கெளுத்திகள்தான் வயிறு ஒட்டிச் சாகின்றன.

அந்தச் சக்கரைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒப்படைத்த பிறகு, கெளுத்திகளை வேலைக்கு வைக்காமல் குடிவைத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. தொட்டி முழுக்கக் கெளுத்திகள் மட்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்கூட்டம் அது. நம்மூர் வாளையும் தேளியும் அதில் சேர்த்திதான். தேளியிடம் கொட்டு வாங்கியவர்களுக்கு இந்தக் கூட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

திட்டம் தொட்டியின் நீளத்தில் தொடங்குகிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறத்தாழ 190 லிட்டர். தண்ணீர் மட்டுமே 190 கிலோ. கண்ணாடி, மணல், கல்லையும் கூட்டினால் டிவி ஸ்டாண்டு தாங்காது. காசு குறைவாக இருந்தால் உயரத்தில் கை வையுங்கள், அகலத்தில் வேண்டாம். கெளுத்திகளில் பெரும்பாலானவை தரையில் வாழ்பவை. அவற்றுக்குத் தரையின் பரப்புதான் சொத்து.

தரைத்தளம் கோரிகளுக்கு. இரண்டு இரண்டரை அங்குலத்தில் நின்றுவிடும் கோரிடோரஸ் மீன்களைத்தான் கடைகளில் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். அறிவியலாளர்கள் 2024-ல் அந்தப் பேரினத்தைப் பலவாகப் பிரித்து, பல மீன்களின் பெயரை மாற்றிவிட்டார்கள். கடைப் பலகையில் இன்னும் கோரிதான். ஒன்றிரண்டு வாங்காதீர்கள், ஒரே இனத்தில் குறைந்தது ஆறு வேண்டும். தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். கூட்டமாக விட்டால் மணலில் மூஞ்சியைப் புதைத்து ஒரு வாய் மணலை அள்ளும், உள்ளே இருக்கும் இரையை எடுத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக உதிர்க்கும். நடுவே கண்ணைக் கீழே உருட்டி உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். டிவியை விட இதை அதிகம் பார்க்கிறோம் என்று வீட்டில் புகார்.

இந்த மணல் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கலர் கலரான ஜல்லியில் கோரியின் மீசை தேய்ந்து, புண்ணாகி, அழுகிவிடும். கட்டடம் கட்டுகிற எம்-சாண்டும் ஆகாது. அது உடைத்த கல், விளிம்புகள் கூராக இருக்கும். உருண்ட மணிகளாக உள்ள மெல்லிய மணலைச் சலித்து, கலங்கல் போகும்வரை அலசி, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் பரப்பினால் போதும்.

எந்தக் கோரி என்பதை நம் வெயில் தீர்மானிக்கட்டும். அழகுக்காகப் பலரும் தேடும் பாண்டா கோரியும், மலிவாகக் கிடைக்கும் பெப்பர் கோரியும் குளிர்ந்த தண்ணீர்க்காரர்கள். 25 டிகிரிக்கு மேல் நெடுநாள் தாங்காது. சென்னையில் மே மாதம் என் தொட்டி 31 டிகிரி காட்டியிருக்கிறது. அதனால் நான் ஸ்டெர்பாய் கோரிக்குப் போனேன். பிரேசில்–பொலிவியா எல்லைப் பகுதியின் குவாப்போரே ஆற்றுப் படுகையைச் சேர்ந்த அது, 28 டிகிரி வரை முகம் சுளிக்காது. அதற்கு மேல் போகும் நாட்களில் தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிடுகிறேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஏர் பம்பும் இரவு பகலாக ஓட வேண்டும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும் என்றால், 30 டிகிரித் தண்ணீர் ஏழரைதான் வைத்துக்கொள்ளும். கோரி அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். குடலால் மூச்சுவிடும் மீன் அது, பயப்படாதீர்கள். நிமிடத்துக்கு நாலு தடவை வந்தால் மட்டும் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

மரக்கட்டையும் கல் இடுக்கும் பிரிஸில்நோஸுக்கு. சக்கரின் உறவுதான், ஆனால் ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். பாசி தின்பதில் சக்கரை விட உண்மையான உழைப்பாளி. டிரிஃப்ட்வுட்டையும் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஆண் மீனின் மூக்கில் கொம்பு கொம்பாகத் தாடி முளைக்கும். முட்டையைக் குகைக்குள் காத்துக் கிடப்பதும் ஆண்தான். மூன்றடிக்கு ஒரு ஆண் போதும், இரண்டு விட்டால் குகைக்குச் சண்டை. அதே உறவில், கறுப்பு வெள்ளை வரியோடு இருக்கும் ஸீப்ரா பிளெக்கோவைப் படத்தில் பார்த்து ஏங்குபவர்கள் உண்டு. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டும் வாழும் அதன் வாழிடத்தை பெலோ மோன்ச்சே அணை நெருக்கிவிட்டது. அந்த மீனின் பன்னாட்டு வணிகத்தை சைட்டீஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. ஏக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடுத்தளம் கண்ணாடிக் கெளுத்திக்கு. முள்ளெலும்பு தெரிய, பின்னால் இருக்கும் செடியும் தெரிய, நீரோட்டத்தில் அசையாமல் நிற்கும் தாய்லாந்துக்காரர். பல்லாண்டுகளாக வேறொரு இனத்தின் பெயரில் விற்றார்கள்; இதற்கென்று அறிவியல் பெயர் கிடைத்ததே 2013-ல்தான். குறைந்தது எட்டு விட வேண்டும். தனியாக இருந்தால் பயத்திலேயே பட்டினி கிடந்து சாகும்.

மேல்தளம் தலைகீழ்க் கெளுத்திக்கு. காங்கோ படுகையைச் சேர்ந்த இது மல்லாந்து நீந்தி, நீர்ப்பரப்பின் அடியில் மேயும். மற்ற மீன்களில் பலவற்றுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. இதற்கு வயிறுதான் கறுப்பு. வாங்கும்போது அதைப் பாருங்கள். அதே பெயரில் விற்கப்படும் இறகுத்துடுப்பு உறவினர் ஒன்று முக்கால் அடிக்கு மேல் வளரும். தலைகீழ்க் கெளுத்தியில் நான்கு விட்டிருக்கிறேன்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. கடைகளில் 'ஷார்க்' என்று விற்கும் கெளுத்தி, நாம் ஓட்டலில் சாப்பிடும் பாசா மீனின் குஞ்சு, மீட்டருக்கு மேல் வளரும். சிவப்பு வால் கெளுத்தியும் அப்படியே. இரண்டுக்கும் குளம் வேண்டும், தொட்டி அல்ல.

மீனை விடுவதற்கு முன் ஃபில்டரை நான்கிலிருந்து ஆறு வாரம் ஓடவிடுங்கள். அதில் குடியேறும் பாக்டீரியாதான் கழிவின் அம்மோனியாவை முறிக்கும். நண்பரின் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு குறையும். குழாய்த் தண்ணீருக்கு ஆன்டி-குளோரின் கட்டாயம். உப்பேறிய போர் தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம், வெறும் ஆர்.ஓ. ஆகாது. நோய் வந்தால் புட்டியில் போட்டிருக்கும் மருந்தளவில் பாதியில் தொடங்குங்கள். செதில் இல்லாத கூட்டம், மருந்து சுருக்கென்று ஏறும்.

வலையால் பிடிக்காதீர்கள். எங்கள் கோரி ஒன்று பயத்தில் முள்ளை விரித்து வலையில் மாட்டிக்கொள்ள, கத்தரிக்கோலால் வலையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் விடுவித்தேன். இப்போது ஐஸ்கிரீம் டப்பாதான்.

தீனி ராத்திரியில். விளக்கை அணைத்து அரை மணி கழித்து, மூழ்கும் மாத்திரையும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் போடுகிறோம். வெள்ளரியைக் காலையில் எடுத்துவிட வேண்டும். போன மாதம் அப்படி எடுக்கப் போன காலையில், கண்ணாடியில் ஜவ்வரிசி போல ஒட்டியிருந்தது கோரி முட்டை. எண்ணினோம், நாற்பத்திரண்டு.

உங்கள் வீட்டுச் சக்கர் வளர்ந்துவிட்டதா? ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அப்படி விடப்பட்டவைதான் தமிழகத்திலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். காசு கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.