கே.ஜி.க்குள் ஒரு தோட்டம்

காலை ஏழரை மணி. பள்ளிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த மகள், செருப்பு வைக்கும் படியருகே குனிந்து பார்க்கிறாள். "அம்மா, குரோக்கஸ் இன்னும் தூங்குது." விரல் உயரத்துக்கு மேல் வளராத ஊதாப் பூக்கள் இறுக மூடிக் கிடக்கின்றன. "வெயில் வந்தா முழிச்சுக்கும், நீ கிளம்பு" என்று அனுப்பிவைக்கிறேன். மதியம் அவள் திரும்பும்போது எல்லாம் கிண்ணம் போல விரிந்திருக்கின்றன. நடுவில் ஆரஞ்சு நிறச் சூலகத் தண்டு. அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது ஒரு தேனீ.

குரோக்கஸ், நம் குங்குமப்பூவின் நெருங்கிய உறவு. வெப்பம் சற்றுக் கூடினாலே அதன் இதழின் உட்புறம் வெளிப்புறத்தைவிட வேகமாக வளரும், பூ திறக்கும். குளிர்ந்தால் வெளிப்புறம் முந்தும்; பூ மூடிக்கொள்ளும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இதை முதலில் கண்ணால் கண்டாள். காரணத்தை அப்புறம்தான் கேட்டாள். கல்வி இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர் சின்னது, பெயர் பெரியது

நாங்கள் இருக்கும் வால்டோர்ஃப், ஜெர்மனியின் தென்மேற்கில் ஹைடல்பெர்க் நகருக்குத் தெற்கே இருக்கும் சிற்றூர். 'எஸ்.ஏ.பி.' மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால், தமிழ்க் குடும்பங்களுக்கும் பழக்கமான ஊர். 1763-இல் இங்கே பிறந்த யோஹான் யாக்கோப் ஆஸ்டர் அமெரிக்கா சென்று பெரும் செல்வந்தரானார். நியூயார்க்கின் வால்டோர்ஃப் ஹோட்டலுக்கு அவர் சந்ததி வழியாக இந்த ஊர்ப் பெயர் போனது. அதே பெயரில் ஸ்டுட்கார்ட்டில் இயங்கிய சிகரெட் ஆலையின் தொழிலாளர் பிள்ளைகளுக்காக, 1919-இல் ருடால்ஃப் ஸ்டைனரின் வழிகாட்டலில் ஒரு பள்ளி தொடங்கியது. உலகெங்கும் இருக்கும் 'வால்டோர்ஃப் பள்ளி'களின் முதல் பள்ளி அது. அந்தப் பள்ளிகளில் தோட்டக்கலையும் ஒரு பாடம். மண்ணைக் கொத்துவதும் பாத்தி கட்டுவதும் கணக்கைப் போலவே கால அட்டவணையில் இடம்பெறும்.

பூக்களின் காலண்டர்

எங்கள் வீட்டுப் பின்புறத் தோட்டம் நாலு பாய் விரிக்கும் அளவுதான். அக்டோபரில், இலையுதிர்கால விடுமுறையில், மகளும் நானும் கிழங்குகளை நட்டோம். துலிப் கிழங்கைக் கையில் வாங்கியவள், "வெங்காயமா?" என்றாள். கூர்முனை மேலே இருக்க வேண்டும். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் வேண்டும். மறுநாளே போய் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். மூன்று மாதமாவது குளிரில் கிடந்தால்தான் உள்ளே பூ முறையாகத் தயாராகும் என்று சொன்னேன். அதன்பிறகு பனி பெய்த நாள்களில், "என் துலிப்புக்கு நல்லது" என்று சந்தோஷப்பட்டாள்.

பிப்ரவரியில் முதலில் தலைகாட்டுவது 'பனிமணி' என்று பொருள்படும் ஷ்னேக்ளோக்ஷன். அடுத்து குரோக்கஸ். மார்ச்சில் ஃபோர்சிதியா புதர் இலை விடும் முன்பே மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். பிறகு நார்சிஸஸ், அதை இங்கே 'ஈஸ்டர் மணி' என்கிறார்கள். ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் சமயம் துலிப் நிமிர்ந்து நிற்கும். மே நடுவில் 'பனிப் புனிதர்கள்' எனப்படும் நாள்கள் கடந்த பிறகுதான் தக்காளி நாற்றை வெளியே நட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வருடம் தவறாமல் நினைவூட்டுவார். அதற்குமேல் இரவில் உறைபனி விழாது என்பது இங்குள்ளவர்களின் அனுபவக் கணக்கு.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கொண்டாட்டமும் உண்டு. ஈஸ்டருக்கு மூன்று வாரம் முந்தைய ஞாயிறை ஒட்டி, ரிப்பனும் முட்டையும் பிரெட்சலும் கட்டிய குச்சிகளை ஏந்தி ஊர்வலம் போவார்கள். முடிவில் குளிர்காலத்தைக் குறிக்கும் பொம்மைப் பனிமனிதனுக்குத் தீ வைப்பார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குப் போகிதான் ஞாபகம் வந்தது.

பூப்பதை வைத்துப் பருவம் கணிப்பது இங்கே அறிவியலும்கூட. ஜெர்மன் வானிலைத் துறை ஆண்டைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. ஃபோர்சிதியா பூத்தால் 'முதல் வசந்தம்', ஆப்பிள் பூத்தால் 'முழு வசந்தம்'. ஹாம்பர்க்கில் ஒரு பாலத்தருகே நிற்கும் ஃபோர்சிதியா எந்த நாளில் பூக்கிறது என்பதை 1945 முதல் குறித்து வருகிறார்கள். பருவநிலை மாறுவதை அந்த ஒற்றைச் செடியின் தேதிப் பட்டியலே காட்டுகிறது. பூப்பு முன்னே முன்னே நகர்ந்து வருகிறது.

ஃப்ரோபெல் கொடுத்த பாத்தி

நம் ஊரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தினமும் சொல்கிறோம். அந்த 'ஜி' கார்டன், அதாவது தோட்டம். 'கிண்டர்கார்டன்' என்றால் குழந்தைகளின் தோட்டம். 1840-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் இந்தப் பெயரைச் சூட்டினார். அவர் திட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி உண்டு. விதைப்பதும் நீர் ஊற்றுவதும் காத்திருப்பதும் அந்தக் குழந்தையின் வேலை. பக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவான பாத்தியும் இருக்கும். தனக்கானதையும் ஊருக்கானதையும் ஒரே மண்ணில் கற்கட்டும் என்று அவர் விரும்பினார்.

அந்தப் பெயர் கடல் கடந்து நம் தெருமுனைப் பள்ளிவரை வந்துவிட்டது. பாத்தி வரவில்லை. சிமென்ட் தரையில் நாலு வயதுப் பிள்ளை எழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறது.

துலிப் நமக்குத் தேவையில்லை. பங்குனியில் பள்ளி வாசலில் புங்கம்பூ பொரி போலக் கொட்டிக் கிடக்கும். வேம்பு பூத்து, சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வந்து சேரும். சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். பரீட்சைக் கவலையில் பிள்ளைகள் இவற்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கேரளத்தில் 2010-இல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' திட்டத்தில் பள்ளி மாணவர்கள் வாரம் ஒருமுறை ஒரு மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் நிலவரத்தைக் குறிக்கிறார்கள். அதற்குச் செலவு என்று எதுவுமில்லை.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, இந்தச் சித்திரையில் உங்கள் பிள்ளைக்கு ஒரு மரத்தைக் காட்டுங்கள். மரம் இல்லாவிட்டால் ஒரு மண்தொட்டி கொடுங்கள். பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கத்தில் முதல் பூ பூத்த தேதியை அந்தப் பிள்ளையே எழுதட்டும். அடுத்த ஆண்டு அதே பக்கத்தில் இரண்டாவது தேதியை எழுதும்போது, அது தானாகவே பாடம் படிக்கத் தொடங்கியிருக்கும்.